பிரம்பா, விதியா, பரிசா, உறவா: வன்னி வகுப்பறைக்கு எது பொருந்தும்?

"ரீச்சர், இந்த வகுப்பை எப்பிடி அடக்கிறது?"

புது நியமனத்தோடு வன்னிக்கு வரும் ஆசிரியர்கள் முதலாம் தவணை முடிவதற்குள் என்னிடம் இதைக் கேட்டுவிடுவார்கள். கேட்பவர்கள் பாடம் தெரியாதவர்கள் இல்லை. பட்டதாரிகள், கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் இருந்தவர்கள். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இருட்டோடு எழும்பி, ஏ-9 வீதியில் ஒரு பஸ், சந்தியில் இறங்கி உள்ளுக்குப் போக இன்னொரு பஸ் என்று பிடித்து, 7.30 மணிக்குப் பாடசாலையில் கையெழுத்துப் போடுகிறவர்கள். அவ்வளவு பாடுபட்டு வந்து தரம் 9 இல் நின்றால், பத்துப் பேர் கொப்பி கொண்டுவரவில்லை, பின் வாங்கில் நாலு பேர் வேறு உலகத்தில் இருக்கிறார்கள், ஒருவன் மேசையில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறான்.

ஆசிரியர் ஓய்வறையில் கேட்டால் "முதல் கிழமையே பிரம்பைக் காட்டியிருக்க வேணும்" என்கிறார்கள். செயலமர்வுக்குப் போனால் பிள்ளைநேயம் என்கிறார்கள். பெற்றோரைச் சந்தித்தால், "கண்ணை மட்டும் விட்டிட்டு மிச்சத் தோலை உரியுங்கோ ரீச்சர்" என்று உரிமையே எழுதித் தருகிறார்கள். இதற்கு நடுவில் நிற்கிற இருபத்தாறு வயதுக்காரருக்கு எதைப் பிடிப்பது என்று தெரியாமல் போவதில் வியப்பில்லை.

நான் 2012 இலிருந்து முல்லைத்தீவு மாவட்டத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். பயம், விதி, பரிசு, உறவு என்ற நான்கு வழிகளையும் செய்து பார்த்திருக்கிறேன். எது எங்கே நின்றது, எது எங்கே உடைந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

## முதலில் அளவுகோல்

"வகுப்பு சத்தமில்லாமல் இருக்கிறதா?" என்ற ஒன்றை மட்டும் வைத்து அளந்தால் பிரம்புதான் வெல்லும். அதனால் அந்த ஒன்றோடு நிற்கக் கூடாது. நான் ஐந்தை வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, நாளைக்கும் அந்தப் பிள்ளை வருமா? மற்ற இடங்களில் இதைக் கடைசியில் வைக்கலாம். வன்னியில் இதுதான் முதல். தரம் 9, 10 இல் இருக்கும் பையனுக்குப் பாடசாலையை விட்டால் செய்யத் தொழில் காத்திருக்கிறது. மணல் ஏற்றலாம், மேசனுக்குக் கையாளாகப் போகலாம், முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கலாம். கட்டாயக் கல்வி வயதெல்லை 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது உண்மை. ஆனால் பின்னேரம் கையில் காசோடு வீட்டுக்குப் போய்ப் பழகிய பையனைத் திரும்ப வாங்கில் இருத்துவது சட்டத்தால் மட்டும் நடக்கிற காரியமில்லை.

இரண்டாவது, நான் லீவில் நிற்கும் நாளிலும் அது நிற்குமா? மூன்றாவது, ஒரு பாடவேளைக்குள் பலன் தெரியுமா? நான்காவது, செலவு என்ன, அதை யார் கட்டுகிறார்கள்: நானா, பிள்ளையா, வீட்டாரா? ஐந்தாவது, சட்டம் விடுகிறதா?

## 1. பிரம்பும் பயமும்

ஐந்தாவது அளவுகோலிலேயே இது நின்றுவிடுகிறது. கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கையும் அதன் பின் வந்த 12/2016 சுற்றறிக்கையும் உடல் தண்டனையைத் தடை செய்கின்றன. 2021 பெப்ரவரியில், ஆசிரியர் அறைந்ததில் காது பாதிக்கப்பட்ட மாத்தறை மாவட்ட மாணவன் ஒருவனின் வழக்கில், அது அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சித்திரவதையையும் கொடூரமாக நடத்துவதையும் தடுக்கிற உறுப்புரை அது. அந்தப் பட்டியலில் ஒரு வகுப்பறை அறை போய் நிற்கிறது என்பதை ஒவ்வொரு ஆசிரியரும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் முடித்துவிட்ட கதையை நான் ஏன் இங்கே எடுக்கிறேன் என்றால், பல இடங்களில் பிரம்பு இன்னும் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. புதியவர்களின் கையில் அதை வைப்பவர்களும் இருக்கிறார்கள், நல்லெண்ணத்தோடுதான்.

உடனடிப் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த அமைதி நீங்கள் வாசலைத் தாண்டும்வரைதான். அடுத்த பாடவேளைக்கு வருகிறவர் உங்கள் பாடவேளைக்கும் சேர்த்துச் சத்தத்தை வாங்கிக்கொள்வார்.

2012, என் முதல் வருடம், தரம் 6. நான் அடிக்கவில்லை. டஸ்டரின் மரப்பக்கத்தால் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன், அவ்வளவுதான். வகுப்பு அப்படியே உறைந்தது. எனக்கு ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகுதான் பார்த்தேன், ஜன்னலோரக் கதிரை வெறுமையாக இருந்தது. அந்தப் பிள்ளை மேசைக்குக் கீழே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள். போர் முடிந்த 2009 இல் அவளுக்கு எட்டு வயது. ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பையன் கீழே விழுந்த அவளுடைய பேனையை எடுத்து மேலே வைத்துவிட்டு, "வா, ஒண்டுமில்லை, ரீச்சர்தான்" என்று கூப்பிட்டான்.

இன்றைக்குத் தரம் 9 இல் இருப்பவர்கள் போருக்குப் பிறகு பிறந்தவர்கள். அந்தச் சத்தம் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அதைக் கேட்டவர்கள் வளர்த்த பிள்ளைகள் இவர்கள். வீட்டில் யாருக்கு எப்போது கோபம் வரும் என்று முகம் பார்த்தே நடக்கப் பழகிய பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயத்தைப் புதிதாகப் படிப்பிக்க வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவு வரவு இடாப்பில் தெரியும். அடிக்கிற ஆசிரியரின் பாடம் முதல் பாடவேளையாக வரும் கிழமை நாளை எடுத்துப் பாருங்கள், வராதவர்கள் அன்றைக்குத்தான் கூட. அதோடு, தோலை உரிக்கச் சொன்ன அதே தாய் பிள்ளையின் முதுகில் தழும்பைக் கண்டால் பொலிசுக்குப் போவாள். போகத்தான் வேண்டும்.

கை நீட்டாமல் வாயால் அடிப்பதையும் இதற்குள்தான் சேர்க்கிறேன். தகப்பனைச் சொல்லித் திட்டுவதை வன்னியில் எந்த வகுப்பிலும் செய்யாதீர்கள். எந்தப் பிள்ளைக்குத் தகப்பன் இருக்கிறார், எந்தப் பிள்ளையின் வீட்டில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

இது எந்த நிலைமைக்குப் பொருந்தும் என்று எழுத என்னிடம் எதுவும் இல்லை. அடுத்ததற்குப் போவோம்.

## 2. விதியும் விளைவும்

விதி என்றால் சுவரில் ஒட்டிய இருபது வரிப் பட்டியல் இல்லை. நாலு, அதிகம் போனால் ஐந்து. பிள்ளைகளோடு சேர்ந்து எழுத வேண்டும். நான் ஒருமுறை தரம் 7 ஐ எழுதச் சொன்னபோது, நான் நினைத்தே பார்க்காத ஒன்று முதலாவதாக வந்தது: "மற்றவையின்ர சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கக் கூடாது." சாப்பாடு கொண்டுவராத பிள்ளைகளும், வெறும் ரொட்டியோடு வந்து அதை மறைத்துச் சாப்பிடும் பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருந்தார்கள் என்பது அந்த வரியால்தான் எனக்குத் தெரிந்தது. அந்த விதியை வருடம் முழுக்க ஒருவரும் மீறவில்லை.

விதி மீறினால் வரும் விளைவு, செய்த பிழையோடு ஒட்டியதாக இருக்க வேண்டும். கடதாசி எறிந்தவன் பொறுக்குவான். வாங்கில் கிறுக்கியவன் துடைப்பான். வேலை முடிக்காதவள் இடைவேளையில் ஐந்து நிமிடம் இருந்து முடிப்பாள். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறொன்று, கெட்டிக்காரப் பிள்ளைக்கு மன்னிப்பு என்று போனால் அன்றைக்கே விதி செத்துவிடும்.

இந்த வழியின் பெரிய பலம் என்னவென்றால், அது ஆளில் தங்கியிருப்பதில்லை. நான் லீவில் நின்றாலும் சுவரில் அது நிற்கிறது. பதிலுக்கு வருகிற ஆசிரியர் அதைப் பார்த்து நடத்தலாம். அடிக்கடி ஆசிரியர் மாறும் நம் பக்கப் பாடசாலைகளுக்கு இது சின்ன விசயமில்லை.

செலவு, விளைவுகளை அடுக்கும் ஏணியின் கடைசிப் படியில் ஒளிந்திருக்கிறது. எச்சரிக்கை, இடம் மாற்றி இருத்துதல், பகுதித் தலைவரிடம் அனுப்புதல், அப்புறம்? "நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா." சொல்ல எவ்வளவு சுலபம். ஒரு பையன் மூன்று நாள் தொடர்ந்து கொம்பாஸ் பெட்டி கொண்டுவரவில்லை என்று நானும் இதைச் சொன்னேன். அடுத்த நாள் வந்தது தாய் இல்லை, அம்மம்மா. தாய் குவைத்தில். அந்த மனுசி அன்றைய கச்சான் பிடுங்கும் கூலியை விட்டுவிட்டு, வெயிலில் நடந்து வந்து, கந்தோர் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ரீச்சர் பிள்ளை, இவன் என்ன பிழை விட்டவன்?" என்று கேட்டார். கொம்பாஸ் பெட்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையன் அதற்குப் பிறகு ஒன்பது நாள் பாடசாலைக்கு வரவில்லை, வெட்கம். நாலு கவராயத்தை வாங்கி வகுப்பு அலுமாரியில் வைத்திருந்தால் முடிந்திருக்கும் கதை அது.

ஆகவே ஏணி கட்டும்போது கடைசிப் படியை முதலில் யோசியுங்கள். நாட்கூலி வீட்டுக்கு நீங்கள் போடும் அபராதம் அது. பையனை வீட்டுக்கு அனுப்புவதும் அப்படித்தான். அனுப்பப்பட்ட பையன் வீட்டில் இருக்க மாட்டான், ஏதாவது ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியிருப்பான். முதல் அளவுகோல் அங்கே தோற்றுவிடும்.

புது வகுப்பின் முதல் இரண்டு கிழமை, விஞ்ஞான ஆய்வுகூடம், நாற்பதுக்கு மேல் பிள்ளைகள் உள்ள அறை, பதில் பாடவேளை: இந்த இடங்களில் விதிதான் முன்னுக்கு வர வேண்டும். அமிலப் போத்தல் இருக்கிற மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உறவு வளரும்வரை காத்திருக்க முடியாது.

## 3. புள்ளியும் பரிசும்

சுருக்கமாகச் சொல்கிறேன். நட்சத்திரம், பென்சில், இனிப்பு, குழுப் புள்ளி: ஆரம்பப் பிரிவில் இவை நன்றாக வேலை செய்கின்றன. வரிசையில் நிற்க, கை கழுவ, கொப்பியை அடுக்க என்று ஒரு பழக்கத்தைத் தொடக்கிவிட இரண்டு மூன்று கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மேல் வகுப்புக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. நான் தரம் 8 இல் குழுப் புள்ளி வைத்த தவணையில், கீழே கிடந்த கடதாசியை எடுக்கச் சொன்னதற்கு ஒரு பிள்ளை, "எத்தினை புள்ளி ரீச்சர்?" என்று கேட்டாள். அவளில் பிழையில்லை, நான்தான் அப்படிப் பழக்கினேன். 1973 இல் அமெரிக்காவில் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்று இதையே காட்டியது. படம் வரைவதில் விருப்பமுள்ள முன்பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு சும்மா விட்டுப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் தாங்களாக வரைந்த நேரம் மற்றவர்களோடு ஒப்பிட ஏறக்குறைய பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் கிடைத்த பிள்ளைகளுக்கு இந்தக் குறைவு வரவில்லை. எனவே கொடுப்பதென்றால் சொல்லாமல் கொடுங்கள்.

காசும் உங்கள் பையிலிருந்துதான். பஸ் காசு, அறை வாடகை போக மிஞ்சுவதில் மாதம் மாதம் பேனை வாங்குவது நீண்ட நாளைக்கு ஓடாது. நிறுத்தும்போது பழக்கமும் நிற்கும்.

## 4. உறவு

இதைப் பற்றித்தான் அதிகம் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். உறவு என்றால் செல்லம் கொடுப்பதில்லை, சிரித்துப் பேசிக்கொண்டே இருப்பதும் இல்லை. பிள்ளைக்கு என்னை நம்பலாம் என்று தெரிவது. நான் சொன்னதைச் செய்வேன், என் கோபம் அன்றைக்கே முடியும், அதன் பெயர் எனக்குத் தெரியும், அது வராத நாளில் யாராவது கவனிப்பார்கள். இவ்வளவும் சேர்ந்ததுதான் உறவு.

இதற்குச் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. முதல் கிழமைக்குள் எல்லாருடைய பெயரும் வாயில் வந்துவிட வேண்டும், வீட்டில் கூப்பிடுகிற பெயர் தெரிந்தால் இன்னும் நல்லது. பாடவேளை தொடங்கும்போது கரும்பலகைப் பக்கம் நிற்காமல் வாசலில் நில்லுங்கள். உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு சொல். "காய்ச்சல் விட்டிட்டுதோ?" "சைக்கிள் திருத்தியாச்சோ?" அமெரிக்க நடுநிலை வகுப்புகளில் இதைச் செய்து பார்த்து 2018 இல் வெளியிட்டார்கள். வாசலில் வரவேற்ற வகுப்புகளில் பிள்ளைகள் பாடத்தில் ஈடுபட்ட நேரம் 20 சதவீதப் புள்ளிகள் கூடியது, குழப்படி 9 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. காசு செலவில்லாத முறைகளில் இதைவிடச் சிறந்த ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

அடுத்தது "இரண்டு நிமிடம், பத்து நாள்" என்று ஆசிரியர்கள் மத்தியில் அறியப்பட்ட முறை. உங்களுக்கு அதிகம் கரைச்சல் தருகிற ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுத்து, பத்துப் பாடசாலை நாட்களுக்கு நாளைக்கு இரண்டு நிமிடம், படிப்பைப் பற்றி இல்லாத எதையாவது கதைப்பது. புத்தி சொல்லக் கூடாது. முதல் மூன்று நாள் "ஓம்", "இல்லை" தவிர ஒன்றும் வராது. விடாமல் போங்கள்.

நான் முதலில் சொன்ன, தூங்குகிற பையனுக்கு வருகிறேன். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்காரரின் மகன். தை மாதம், முதல் பாடவேளை முழுக்க நித்திரை. எழுப்பி விட்டேன், முகம் கழுவி வரச் சொன்னேன், முன் வரிசைக்கு மாற்றினேன், ஒன்றும் சரிவரவில்லை. இரண்டு நிமிடக் கதையில் நாலாம் நாள்தான் சொன்னான், இரவில் தகப்பனோடு காவல் கொட்டிலில் யானைக் காவலாம். நெல் முற்றுகிற காலம், விடிய மூன்று மணிக்கு யானை இறங்கும், வெடி கொளுத்துவது இவன் வேலை. "போன கிழமை கொம்பன் ஒண்டு வரம்படிக்கு வந்திட்டுது ரீச்சர், நான் வெடியைக் கொளுத்த மறந்துபோய்ப் பாத்துக்கொண்டு நிண்டன்" என்றான். அந்த வருடத்தில் அவன் என்னோடு பேசிய மிக நீண்ட வசனம் அது.

காரணம் தெரிந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவன் தொடர்ந்து தூங்கினான். வீட்டு வேலை செய்யவில்லை. நான் செய்தது ஒன்றுதான். வெட்டு முடியும்வரை முதல் பாடவேளையில் அவனை விட்டுவிட்டு, இடைவேளைக்குப் பிறகு ஓய்வாக இருக்கும் ஒரு பாடவேளையில் ஐந்து கணக்கை மட்டும் கொடுத்தேன். ஐந்தையும் செய்தால்தான் போகலாம். அதில் விட்டுக்கொடுக்கவில்லை. முணுமுணுத்தான், ஆனால் செய்தான். மாசிக் கடைசியில் வயல் வெட்டிய பிறகு நித்திரையும் நின்றது. தெரிந்துகொண்டதால் விதியைத் தூக்கிப் போடவில்லை, நேரத்தை மட்டும் மாற்றினேன். உறவு இல்லாமல் அந்த நேரத்தை நான் கண்டுபிடித்திருக்க முடியாது.

சரி, செலவு. இதற்கு மறைந்த செலவுகள்தான் அதிகம், அதனால் ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

முதல் தவணை தோல்வி போலவே தெரியும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். அதிபர் நடந்து போகும்போது உங்கள் வகுப்பில்தான் சத்தம் இருக்கும். அந்த நேரத்தில் மனம் தளர்ந்து பிரம்பை எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

விதி இல்லாத உறவு நிற்காது. ஒரு வருடம் தரம் 8 இல் நான் கனிவை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கினேன். ஐப்பசியில் "ரீச்சர் ஒண்டும் சொல்ல மாட்டா" என்பது அந்த வகுப்பின் நம்பிக்கையாகிவிட்டது. அதில் பாதிக்கப்பட்டது குழப்படிக்காரர் இல்லை, அமைதியாக இருந்து படிக்க வந்த பத்துப் பேர்.

கேட்கக் கூடாததைக் கேட்க நேரும். நம்பத் தொடங்கிய பிள்ளை ஒருநாள், "ஒருத்தருக்கும் சொல்ல மாட்டியளெண்டால் ஒண்டு சொல்லுறன்" என்று வரும். அந்த வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள். "உனக்கு ஆபத்தில்லாத விசயமெண்டால் சொல்ல மாட்டன். ஆபத்தெண்டால் உதவக்கூடிய ஒராளிட்டச் சொல்லுவன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டிலோ வெளியிலோ துன்புறுத்தல் என்றால் அதிபர், பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், அல்லது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம். தனியாகச் சுமக்க வேண்டாம். சுமந்து நோயாளியான ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

எல்லையும் காக்க வேண்டும். முக்கியமாக இளம் ஆண் ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன் தம்பி, பெண் பிள்ளைகளோடு தனியாக வட்ஸ்அப் வேண்டாம், பூட்டிய அறை வேண்டாம். கதைப்பதென்றால் விறாந்தையில், நாலு பேர் பார்க்கும் இடத்தில். இது ஊர்க்கதைக்குப் பயந்து சொல்வதில்லை. பிள்ளையின் பாதுகாப்பும் உங்கள் பாதுகாப்பும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அதேபோல இரண்டு நிமிடக் கதையைக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால், "ரீச்சரின்ர செல்லங்கள்" என்று ஒரு வரிசை உருவாகி மற்றவர்கள் கையை விட்டுப் போய்விடுவார்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பிரம்பு | விதி | பரிசு | உறவு |
|---|---|---|---|---|
| நாளைக்கும் வருமா? | குறையும் | கடைசிப் படியைப் பொறுத்தது | பரிசு உள்ளவரை | வரும் |
| நான் இல்லாத நாளில் | குழம்பும் | நிற்கும் | நிற்காது | விதியும் இருந்தால் நிற்கும் |
| ஒரு பாடவேளைக்குள் | உண்டு | ஓரளவு | உண்டு | இல்லை |
| செலவைக் கட்டுவது | பிள்ளை | சிலவேளை வீட்டார் | ஆசிரியரின் பை | ஆசிரியரின் நேரமும் மனமும் |
| சட்டம் | தடை | தடையில்லை | தடையில்லை | தடையில்லை, எல்லை காத்தால் |

## உங்கள் நிலைமைக்கு எது?

பதில் பாடவேளைக்குப் போகிறீர்களா? விதி போதும். அந்த வகுப்பு ஏற்கனவே வைத்திருக்கிற விதியைக் கேட்டு நடத்துங்கள், புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். தரம் 1, 2 என்றால் பரிசை ஒரு தவணைக்குக் கைத்தடியாகப் பிடித்து, மெல்ல மெல்ல விடுங்கள். சாதாரண தர வகுப்பு, இன்னும் ஐந்து மாதத்தில் பரீட்சை, பாடத்திட்டம் பாதியில் நிற்கிறது என்றால், முதல் நாளே நாலு விதியை எழுதிவிட்டு, வாசலில் நிற்பதை மட்டும் உறவின் பக்கமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நேரம் செலவாகாது.

ஒரே வகுப்போடு ஒரு வருடமோ அதற்கு மேலோ இருக்கப் போகிறீர்கள் என்றால், எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. விதியை முதல் கிழமையில் போட்டுவிட்டு, மிச்ச நாள் முழுக்க உறவில் போடுங்கள். இடைவிலகும் அறிகுறி தெரிகிற பிள்ளை, கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் வருகிற பிள்ளை இருக்கும் வகுப்பில் உறவைத் தவிர வேறு எதுவும் அந்தப் பிள்ளையைப் பிடித்து நிறுத்தி நான் கண்டதில்லை.

ஆனால் "எவ்வளவு காலம் இருப்பேன்?" என்ற கேள்வியை வன்னியில் யாரும் தள்ளிவைக்க முடியாது. வெளிமாவட்டச் சேவை முடிந்ததும் ஊருக்குப் போகத்தான் வருகிறோம், அதில் குற்றமில்லை. உறவின் ஆகப் பெரிய செலவு அங்கேதான் இருக்கிறது, அதைக் கட்டுவது நாங்கள் இல்லை.

2018 இல் எனக்கு இன்னொரு பாடசாலைக்கு இடமாற்றம் வந்தது. வெள்ளிக்கிழமை கடிதம், திங்கட்கிழமை புது இடம். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அழுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்குப் பிறகு அந்த வகுப்பை எடுத்த சேர் அடுத்த வருடம் ஒரு செயலமர்வில் சந்தித்தபோது சொன்னார். தரம் 10 இல் இருந்த ஒரு பிள்ளை, என் வகுப்பில் கணக்கில் முன்னுக்கு நின்றவள், ஒரு தவணை முழுக்கக் கணிதக் கொப்பியைத் திறக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறார். கடைசியில், "நீங்களும் போயிடுவியள்தானே சேர்" என்றாளாம். அந்த வீட்டிலிருந்து போய்த் திரும்பாதவர்கள் ஏற்கனவே இருந்தார்கள்.

அதனால் உறவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போவதையும் அந்த வேலையின் ஒரு பகுதியாகச் செய்யச் சொல்கிறேன். "நான் எப்பவும் இருப்பன்" என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லாதீர்கள். போகும் நாள் தெரிந்ததும் நீங்களே வாயால் சொல்லுங்கள், ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் அந்த ஒரு நாளில் சொல்லுங்கள். முடிந்தால் வரப்போகிறவரை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு பாடவேளையாவது சேர்ந்து நில்லுங்கள்.

அப்புறம், வருடம் தொடங்கும்போதே நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து, பிள்ளைக்கு அரைப் பக்கம் என்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். பிள்ளை நம்பிச் சொன்ன வீட்டுக் கதைகளை அதில் எழுத வேண்டாம், எது அந்தப் பிள்ளைக்கு உதவியது என்பதை மட்டும் எழுதுங்கள். இடாப்பைக் கையளிக்கும்போது அதையும் சேர்த்துக் கையளியுங்கள். யானைக் காவல் பையனைப் பற்றி நான் எழுதிக் கொடுத்தது மூன்றே வரி: "ஜன்னலோரம், மூன்றாம் வாங்கு. காலபோக வெட்டு முடியும்வரை முதல் பாடவேளையில் தூங்குவான், எழுப்ப வேண்டாம். இடைவேளைக்குப் பிறகு ஐந்து கணக்குக் கொடுங்கள், முணுமுணுப்பான், செய்வான்."